மாரடைப்பும் ஆறு மணி நேரமும்



சென்ற தை மாதம் நம் குடியிருப்பில் நடந்தது பலருக்கும் தெரியும். நம் நண்பர் ஒருவர், வயது 61, அதிகாலை மூன்றே முக்கால் மணிக்கு நெஞ்சு எரிச்சலோடு எழுந்திருக்கிறார். முதல் நாள் இரவு கல்யாண விருந்து. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு கேஸ் மாத்திரை. வேர்த்துக் கொட்டியது. பிள்ளைகள் வெளியூரில். அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டி யாரையும் எழுப்ப மனம் வரவில்லை. விடிந்ததும் ஆட்டோ சொல்லி, ஒரு கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து, அங்கே ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு அனுப்ப, பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து.

உயிர் பிழைத்தார். ஸ்டென்ட் வைத்தார்கள். ஆனால் எக்கோ பரிசோதனையில் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 35 சதவீதம் என்று வந்திருக்கிறது. சாதாரணமாக அது 55-க்கு மேல் இருக்க வேண்டும். லிஃப்ட் நின்றுவிட்டால் இரண்டாவது மாடியில் இருக்கும் தன் வீட்டுக்கு அவரால் ஏற முடியவில்லை.

பார்க்கப் போனபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அடைப்பை எடுத்தாச்சு, ஸ்டென்டும் வச்சாச்சு. அப்புறம் ஏன் சார் இன்னும் மூச்சு வாங்குது?"

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் லெட்ஜர் எழுதியவன். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. மூன்று மாதமாகப் படித்ததில், மாரடைப்பைப் பற்றி மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட வரலாறே அந்தக் கேள்விக்குப் பதிலாக இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலையேறும்போது வரும் வலி

நம் ஊரில் வேதகிரீஸ்வரர் மலைக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, சற்று ஆறியதும் மறுபடி ஏறுபவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "வயசாச்சு" என்று சொல்லிவிட்டு நாமும் ஏறிவிடுவோம்.

இந்த வலியை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். 1768-ல் மருத்துவர் சங்கத்தில் வாசித்தார். 1772-ல் அச்சில் வந்தது. நடக்கும்போது, அதிலும் மேடேறும்போது, சாப்பிட்டவுடன் நடந்தால் இன்னும் அதிகமாக நெஞ்சு அடைக்கும்; நின்றால் போய்விடும் என்று நோயாளிகள் சொன்னதை அப்படியே பதிவு செய்தார். காரணம் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. இதயத்துக்கே ரத்தம் கொண்டு போகும் கரோனரி குழாய்கள் குறுகிப்போவதுதான் காரணம் என்பது பின்னால் வந்த அறிவு.

குழாய் குறுகினால் படியேறும்போது வலி. முழுக்க அடைபட்டால்? உடனே மரணம்தான் என்று 1900 வாக்கில்கூடப் பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். சிகாகோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெரிக் 1912-ல் ஒரு கட்டுரையில் அதை மறுத்தார். அடைப்பு ஏற்பட்ட பிறகும் மனிதன் மணிக்கணக்கில், நாட்கணக்கில் வாழலாம், சிலர் தேறியும் விடலாம் என்றார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹாலந்து நாட்டு ஐந்தோவன் உருவாக்கிய ஈ.சி.ஜி. கருவி மருத்துவமனைகளுக்குள் வந்த பிறகுதான், உயிரோடு இருக்கும் ஒருவரின் மாரடைப்பைக் காகிதத்தில் பார்க்க முடிந்தது. அந்தக் கருவிக்காக 1924-ல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

படுக்கையே மருந்து

கண்டுபிடிக்க முடிந்தது, செய்வதற்கு ஒன்றுமில்லை. இறந்த தசை ஆறி வடுவாகும்வரை நோயாளி அசையக் கூடாது என்று வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் 1952-ல் நோயாளிகளை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்ததே அன்று பெரிய துணிச்சலாகப் பேசப்பட்டது. 1961-ல் பிரிட்டனின் டெஸ்மண்ட் ஜூலியன், மாரடைப்பு நோயாளிகளை ஒரே வார்டில் வைத்து இதயத் துடிப்பை விடாமல் கண்காணிக்க வேண்டும், துடிப்பு தாறுமாறானால் உடனே மின் அதிர்ச்சி தர வேண்டும் என்றார். நாம் இன்று 'சி.சி.யு.' என்று சொல்லும் இதயத் தீவிரப் பிரிவு பிறந்தது இப்படித்தான். மருத்துவமனைக்கு வந்த பிறகு நேர்ந்த மரணங்கள் இதனால் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

ஆனால் தசை இறப்பதை அது தடுக்கவில்லை. 1982-ல் நான் வேலை பார்த்த கிளையில் தலைமைக் காசாளருக்கு மாரடைப்பு வந்தது. ஊசி போட்டு வலியைக் குறைத்தார்கள். மூன்று வாரம் படுக்கை. பிறகு நீண்ட விடுப்பு. திரும்பி வந்தவர் பழைய மனிதராக இல்லை. பணக்கட்டைத் தூக்கினாலே மூச்சு வாங்கும். கால் வீங்கும். இரண்டு வருடத்தில் போய்விட்டார். அன்று அவருக்கு அதற்கு மேல் செய்ய நம் பக்கத்தில் வழி இருக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தசை இறக்கும் கணக்கு

இதயத் தசை எப்படி இறக்கிறது என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டியவர்கள் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த கீத் ரைமரும் ராபர்ட் ஜென்னிங்ஸும். 1977-ல் அவர்களின் குழு வெளியிட்ட ஆய்வு நாய்களின் இதயத்தில் நடந்தது. ஒரு கரோனரி குழாயைக் கட்டி, சிலவற்றில் 40 நிமிடம், சிலவற்றில் 3 மணி, சிலவற்றில் 6 மணி நேரம் கழித்து அவிழ்த்துவிட்டார்கள். பிறகு அந்தக் குழாயை நம்பியிருந்த தசையில் எவ்வளவு இறந்திருக்கிறது என்று அளந்தார்கள்.

40 நிமிடத்தில் 38 சதவீதம். 3 மணி நேரத்தில் 57 சதவீதம். 6 மணி நேரத்தில் 71 சதவீதம். அவிழ்க்காமலே விட்டதில் 85 சதவீதம்.

தசை மொத்தமாக ஒரே நொடியில் இறப்பதில்லை. இதயச் சுவரின் உட்பக்கத்தில் தொடங்கி, அலை போல வெளிப்பக்கம் நோக்கி மரணம் பரவுகிறது. இடையில் குழாய் திறந்தால் மிச்சம் இருப்பது பிழைக்கும். மனித இதயத்தில் வேகம் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். சிலருக்குப் பக்கத்துக் குழாய்கள் சற்றுக் கை கொடுக்கும். ஆனால் போகும் திசை இதுதான்.

இன்னொன்று, தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வளரும். இறந்த இதயத் தசை இருந்த இடத்தில் பெயர் சொல்லும்படி புதுத் தசை வளர்வதில்லை. வடுதான் வரும். வடு சுருங்காது, ரத்தத்தைத் தள்ளாது. வங்கி மொழியில் சொன்னால், இங்கே நாம் இழப்பது வட்டியை இல்லை, முதலை.

நண்பரின் கேள்விக்கு இங்கேயே பதில் இருக்கிறது. ஸ்டென்ட் குழாயைத் திறந்தது. அதற்கு முன்னால் போன ஆறு மணி நேரத்தில் இறந்த தசையை எந்த ஸ்டென்டும் திருப்பித் தராது.

அடைப்பைக் கரைத்தவர்கள்

நம் மொழியில் இந்த நோயின் பெயரிலேயே 'அடைப்பு' இருக்கிறது. ஆனால் ரத்தக்கட்டி அடைத்ததால் தசை இறந்ததா, தசை இறந்த பிறகு கட்டி உண்டானதா என்று 1970-களில்கூட நிபுணர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். 1980-ல் அமெரிக்க மருத்துவர் மார்கஸ் டிவுட் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். மாரடைப்பு தொடங்கி 4 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்குக் குழாயைப் படம் எடுத்துப் பார்த்ததில், 87 சதவீதம் பேருக்குக் குழாய் முழுக்க அடைபட்டிருந்தது. அடைப்புதான் முதல் காரணம் என்றால் அதைக் கரைக்க வேண்டும்.

கரைக்கும் மருந்து ஏற்கெனவே இருந்தது. தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியிலிருந்து வில்லியம் டில்லெட் 1933-ல் கண்டறிந்த ஸ்ட்ரெப்டோகைனேஸ். மாரடைப்பில் அது பயன்படுமா என்று பெரிய அளவில் சோதித்தது இத்தாலி. 11,806 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 1986-ல் வந்தது. மொத்தத்தில் மரணம் 13 சதவீதத்திலிருந்து 10.7 ஆகக் குறைந்தது. இது பெரிதில்லையே என்று தோன்றும். வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கிடைத்தவர்களைத் தனியாகப் பாருங்கள்: 15.4 சதவீதமாக இருந்த மரணம் 8.2 ஆனது. கிட்டத்தட்ட பாதி. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு பெற்றவர்களுக்கு அந்த ஆய்வில் பலனே தெரியவில்லை. ஒரே மருந்துதான், கடிகாரம் மட்டும் வேறு.

இரண்டு வருடம் கழித்து, 1988-ல், 17,187 பேரைக் கொண்ட இன்னொரு ஆய்வு நம் எல்லோர் வீட்டுக்கும் தெரிந்த ஆஸ்பிரினை மேடையேற்றியது. ஆஸ்பிரின் மட்டும் கொடுத்தாலே ஐந்து வாரத்தில் ஏற்படும் இதய, ரத்தநாள மரணங்கள் 23 சதவீதம் குறைந்தன. ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்த்துக் கொடுத்தால் 42 சதவீதம்.

மருந்தில்லாமல் குழாயைத் திறக்கும் வழியும் இதே காலத்தில் வந்தது. ஆண்ட்ரியாஸ் கிருன்ட்சிக் 1977-ல் சூரிக் நகரில் பலூனால் கரோனரி அடைப்பைத் திறந்தார். அவரிடம் பயிற்சி பெற்ற மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1986-ல் இந்தியாவின் முதல் கரோனரி ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். பின்னர் நெடுங்காலம் சென்னையில் பணியாற்றினார். அதற்கும் முன்னால், 1975-ல், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் நாட்டின் முதல் கரோனரி பைபாஸ் அறுவை சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்திருந்தார். நம் ஊரிலிருந்து எழுபது எண்பது கிலோமீட்டரில் எல்லாம் இருந்தது. ஆனால் அங்கே நேரத்தோடு போய்ச் சேர்வது எப்படி?

ஆறு மணி நேரம் எங்கே போனது?

இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளிலிருந்து 20,937 இதய நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிய ஓர் ஆய்வு 2008-ல் 'லான்செட்' இதழில் வந்தது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டெனிஸ் சேவியர் தலைமையில் நடந்தது. நோயாளிகளின் சராசரி வயது 57.5. நம் குடியிருப்பில் பலரின் வயது.

அதில் இரண்டு எண்களை எடுத்து வைத்துக்கொண்டேன். வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனைக்கு வந்து சேர 360 நிமிடம். வந்து சேர்ந்ததிலிருந்து கட்டி கரைக்கும் மருந்து ஏற 50 நிமிடம். இவை இடைநிலைக் கணக்கு. அதாவது பாதிப் பேருக்கு இதைவிடவும் அதிக நேரம் ஆகியிருக்கிறது.

360 நிமிடம் என்றால் 6 மணி நேரம். ரைமர், ஜென்னிங்ஸ் கணக்கில் 71 சதவீதம் போயிருக்கும் நேரம். நம் நண்பருக்கு ஆன நேரமும் அதேதான். தாமதம் என்றதும் நாம் மருத்துவமனையைத்தான் திட்டுவோம். அந்த 50 நிமிடமும் குறைய வேண்டியதுதான். ஆனால் பெரும்பகுதி நேரம் போனது வீட்டு நாற்காலியிலும், சோடா பாட்டிலிலும், டோக்கன் வரிசையிலும், ஈ.சி.ஜி. வசதியோ மருந்தோ இல்லாத இடங்களுக்கு அலைவதிலும்தான்.

அதே ஆய்வில் மனதைத் தைத்த இன்னொன்று: ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் வசதி உள்ளவர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். கிடைத்த சிகிச்சையில் இருந்த ஏற்றத்தாழ்வு அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தமிழ்நாடு போட்ட பாதை

இந்த இடத்தில்தான் நம் மாநிலம் வரலாற்றுக்குள் வருகிறது. கோயம்புத்தூரின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் டாக்டர் அஜித் முள்ளசாரியும், அரசு மருத்துவர்கள் உள்ளிட்ட பலரோடு சேர்ந்து ஒரு திட்டத்தை உருவாக்கினார்கள். ஒவ்வொரு சிற்றூரிலும் கேத் லேப் கட்ட முடியாது. ஆனால் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையை வண்டிச் சக்கரத்தின் குடமாகவும், சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளை ஆரங்களாகவும் இணைக்கலாமே என்பது யோசனை.

சிறிய மருத்துவமனையிலோ 108 ஆம்புலன்ஸிலோ ஈ.சி.ஜி. எடுத்து அப்போதே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது. அங்கிருக்கும் இதய மருத்துவர் பார்த்துச் சொன்னதும், பக்கத்து மருத்துவமனையிலேயே கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டுவிடுவது. பிறகு நோயாளியைப் பெரிய இடத்துக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோகிராம் பார்த்து, வேண்டுமானால் ஸ்டென்ட் வைப்பது. கேத் லேப் பக்கத்திலேயே இருந்தால் நேரே அங்கேயே போய்விடுவது. செலவுக்கு மாநில அரசின் காப்பீட்டுத் திட்டம். புது மருந்தோ புதுக் கருவியோ எதுவும் இல்லை, இருப்பவற்றைக் கோத்தார்கள்.

2012 ஆகஸ்ட் முதல் 2014 ஜூன் வரை 2,420 நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். திட்டத்துக்கு முன் 898 பேர். தொடங்கிய பின் 1,522 பேர். முடிவு 2017-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதயவியல் இதழில் வந்தது. ஆஞ்சியோகிராம் கிடைத்தவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 ஆக உயர்ந்தார்கள். மருத்துவமனையில் இருக்கும்போது நேர்ந்த மரணத்தில் பெரிய மாற்றமில்லை, 5.8 சதவீதம் 5.6 ஆனது. ஆனால் ஒரு வருடக் கணக்கில் மரணம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆக இறங்கியது. நூறு பேரில் மூன்று நான்கு பேர் கூடுதலாக அடுத்த பொங்கலைப் பார்த்தார்கள். 1982-ல் எங்கள் காசாளரும் மருத்துவமனையில் இறக்கவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் இறந்தார் என்பது இந்த எண்ணைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது.

இந்த முறை பின்னர் அரசு மருத்துவமனைகளுக்கும் விரிவடைந்தது. 2023-ல் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சு வலியோடு வருபவர்களுக்கு மாரடைப்பு அறிகுறி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே 14 மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது. ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோகிரெல் 75 மி.கி. நான்கு, அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு. முதல் இரண்டும் ரத்தக்கட்டி வளராமல் தடுக்க. மூன்றாவது கொழுப்புப் படிவைக் கட்டுப்படுத்த. இதைப் படித்துவிட்டு யாரும் 14 மாத்திரையை வாங்கி நீங்களாகவே விழுங்க வேண்டாம். வயிற்றுப் புண், ரத்தக் கசிவு, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இவை ஆபத்தாகலாம். உங்களுக்கு எது பொருந்தும் என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

இனி நம் கேட்டிலிருந்து

1768-லிருந்து இத்தனை பேர் உழைத்து அந்த நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். மிச்சம் இருப்பது படுக்கையறையிலிருந்து நம் கேட் வரையிலான நேரம். அதை எந்த ஆராய்ச்சியாளரும் குறைக்க முடியாது. நாம்தான் குறைக்க வேண்டும்.

நெஞ்சில் அழுத்தம், எரிச்சல், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, காரணமில்லாத வேர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 108. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே பெரிதாக இல்லாமல், வேர்வையும் களைப்பும் வாந்தியும் மட்டும் வரலாம். வாயுவா மாரடைப்பா என்று நாம் முடிவு செய்யக் கூடாது, ஈ.சி.ஜி. முடிவு செய்யட்டும். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

சங்கத்துக்கு என் கோரிக்கைகள் நான்கு. பொதுக்குழுவில் பேசி முடிவெடுக்கலாம்.

ஒன்று, கேட்டுக்கு எதிரே ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் இரவில் கார் நிறுத்துவதை அடியோடு நிறுத்துவது. இரண்டு, நம் லிஃப்டை நான் டேப் வைத்து அளந்து பார்த்தேன். ஸ்ட்ரெச்சர் நீட்டமாக நுழையாது. சக்கர நாற்காலி ஒன்று வாங்கிக் காவலாளி அறையில் வைப்பது. மூன்று, பௌர்ணமி கிரிவலம், சித்திரைத் தேர் நாட்களில் ஊருக்குள் வண்டி நகராது. அன்று செங்கல்பட்டு பக்கம் எந்த வழியாகப் போவது, எந்தெந்த மருத்துவமனையில் இரவிலும் மாரடைப்பு சிகிச்சை உண்டு என்று முன்கூட்டியே விசாரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது. நான்கு, நெஞ்சை அழுத்தித் தரும் முதலுதவிப் பயிற்சியை இளைஞர்களுக்கும் காவலாளிகளுக்கும் வருடம் ஒரு முறை நடத்துவது.

ஐந்தாவது ஒன்றுக்குத் தீர்மானம் தேவையில்லை. ராத்திரி மூன்று மணியானாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தூக்கம் கெட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இதை எழுதி முடித்து நண்பரிடம் வாசித்துக் காட்டினேன். "தசை போனது போனதுதானா சார்?" என்றார். மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டு, டாக்டர் சொன்னபடி மெல்ல நடந்து வந்தால் மிச்சமுள்ள தசை நன்றாகவே ஈடு கொடுக்கும் என்று அவருடைய டாக்டர் சொன்னதையே நானும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என் பேரு வேண்டாம். ஆனா அந்த ஓமத் தண்ணீர் விஷயத்தை எடுத்துடாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றார்.

எடுக்கவில்லை.